நனைந்த மக்காச்சோளத்தை மாட்டுக்கு வைக்கலாமா?

அண்ணாச்சி, ஐப்பசி மழையில நனைஞ்சு பச்சை பூத்த மக்காச்சோளத்தைக் கழுவிக் காயவச்சு கறவை மாட்டுக்கு வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். அந்த மஞ்சள் கலந்த பச்சைப் பொடி பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம். கழுவினா பொடி போகும். மணிக்குள்ள இறங்கின அஃப்ளாடாக்சின்ங்கிற பூஞ்சண நஞ்சு போகாது. வேகவச்சாலும் முழுசா அழியாது. மாடு தின்னா பாலிலயும் வரும், அந்தப் பாலைத்தானே வீட்டுப் பிள்ளைக குடிக்கும்? கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்கில சேர்ந்தா ஈரல் புற்றுநோய். மொத்தமா சேர்ந்தா என்ன ஆகும்னா, 1974-ல ராஜஸ்தான், குஜராத் கிராமங்கள்ல இப்படிக் கெட்ட மக்காச்சோளம் தின்னு மஞ்சள் காமாலை கண்டு 100 பேருக்கு மேல செத்தாங்க. அதே சாப்பாட்டைத் தின்ன நாய்களும் தப்பலை.

கோழிக்கும் போடாதீங்க. வாத்துக்குஞ்சு இன்னும் சீக்கிரம் சாயும். யாவாரி ‘நல்லதோட கலந்து தள்ளிரலாம்’பாரு, காதுல வாங்காதீங்க.

நனையாத மூட்டைகளை இன்னைக்கே தனியாப் பிரிங்க. வெறும் தரையில கொட்டாம தார்ப்பாயில பரப்பி, ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு இறங்குற வரை காயவிட்டு, பலகை மேல, சுவரை ஒட்டாம அடுக்குங்க. பார்க்க நல்லா இருக்குற மணியிலயும் நஞ்சு இருக்கலாம். அதனால மாட்டுக்கு வைக்கிறதுக்கு முன்னாடி திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனப் பரிசோதனை பத்தி விசாரிங்க. கெட்டதை அள்ளிப் புதைக்கும்போது மூக்கைச் சுத்தித் துண்டு கட்டிக்கோங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கும் ஆகாது.