வாசகர் கேள்வி: இலையின் அடியில் வெள்ளை, இது என்ன செடி?

கேள்வி: கென்ட் ரிட்ஜ் பூங்காவில் பாதையோரமாக ஆள் உயரப் புதர் ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன். இலை மேலே பச்சை, அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஒரு செடியில் இலை விரல்விரலாகப் பிரிந்திருக்கிறது, பக்கத்துச் செடியில் முழுசாக இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? பூவே காணோம், காய் மட்டும் எப்படி வருகிறது?
- ஒரு கிளிமெண்டி வாசகி

பதில்: ஒன்றேதான். காட்டு அத்திகளில் ஒரு வகை, ஃபைக்கஸ் குரொசுலாரியாய்டிஸ் என்பது தாவரவியல் பெயர், சிங்கப்பூருக்குச் சொந்தச் செடி. இளசாக இருக்கும்போதுதான் இலை மூன்றாக, ஐந்தாகப் பிளவுபடும், வளர்ந்த பிறகு பெரும்பாலும் முழு இலைதான். அந்த வெள்ளை, மிக நுண்ணிய மயிர்கள் அடர்ந்து படிந்திருப்பது. காற்றடித்து இலைகள் புரளும்போது புதரே வெளுத்துத் தெரியும், தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பயிர் செய்து சத்தை உறிஞ்சிவிட்டுக் கைவிட்ட புளித்த மண்ணிலும் வெயிலிலும் இது தாராளமாக வளரும்.

பூ இருக்கிறது, உள்ளே. இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் இருக்கிறதே அந்தக் குட்டிக் காய், அது உட்புறம் முழுக்கப் பூக்கள் வரிசையாக ஒட்டிய மூடிய பை. நுனியில் சின்ன வாய் ஒன்று உண்டு, அதன் வழியாகத்தான் அத்திக் குளவி இறக்கை பிய்ந்தாலும் பரவாயில்லை என்று நெருக்கிக்கொண்டு நுழைகிறது. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் காயில் குளவி முட்டையிடும், அங்கே குஞ்சு பொரித்து வரும் பெண் குளவிகள் மகரந்தத்தோடு வெளியேறும். வழிமாறிப் பெண் செடிக்குள் போனால் பாவம், அங்கே பூவின் சூல்தண்டு, அதாவது சூற்பைக்கு மேல் நிற்கும் காம்பு, நீளம், முட்டையிடும் ஊசி எட்டாது. மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு உள்ளேயே சாகும், செடிக்கு விதை கிடைக்கும். செடி செய்வது சுத்த ஏமாற்று வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்பார்களே, அது நம்மூர் நாட்டு அத்திக்குச் சரி, அதில் ஒரே காயில் விதையும் குளவியும் சேர்ந்தே வளரும். இந்தப் புதரில் ஆண் செடிக்கு மட்டும்தான் பொருந்தும்.

பழுத்தால் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவக்கும். பறித்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள், பூங்காவில் பறிப்பது குற்றம், கிள்ளினால் வடியும் பால் சிலருக்கு அரிக்கவும் செய்யும். கீழே நசுங்கிக் கிடப்பதைக் குனிந்து பார்த்தாலே உள்ளே விதையா குளவியா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: இந்தக் காட்டு அத்தியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் தொட்டியில் வைக்கலாமா?
- ஒரு தெம்பனிஸ் வாசகர்

பதில்: இதைவிட ஃபைக்கஸ் டெல்டாய்டியா தோதுப்படும், மலாய்க்காரர்கள் மாஸ் சோத்தேக் என்பார்கள். மரத்தின் மேல் தொற்றி வளரும் குட்டைப் புதர், அதனால் கொஞ்சம் மண் போதும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. கரண்டி மாதிரி இலை, நரம்பு கவைவிட்டுப் பிரியும் இடத்தில் கரும்புள்ளி. வெயில் படுகிற பக்கம் வையுங்கள். அப்புறம், தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் கொசு முட்டையிடும், தட்டே வேண்டாம்.