சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், நேரடி விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே தூரம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். இடைநில்லா விமானத்துக்கு அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஒதுக்கியிருப்பார்கள். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்குக் கணக்கு உதைக்கும். மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் பதினேழு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே என்று நானும் ஒரு காலத்தில் குழம்பியிருக்கிறேன்.

அந்தத் தூரத்தை நாமே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூரின் தீர்க்கரேகை கிழக்கே 104 பாகை, நியூயார்க்கினுடையது மேற்கே 74 பாகை. கூட்டினால் 178, அதாவது இரண்டும் பூமிப்பந்தின் நேரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், மிகக் குறுகிய வழி கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை, வடதுருவத்தை ஒட்டியே செல்கிறது. சாங்கியிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து கென்னடி நிலையம் வரை 49.4 பாகை, ஆக மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,300-ஐத் தாண்டிவிடும்.

ஆனால் விமானம் பெரும்பாலும் அந்தக் கோட்டில் பறப்பதில்லை. சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும் என்பதால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தாலும் அதை முதுகில் வாங்கிக்கொண்டு பசிபிக் பெருங்கடல் வழியாகப் போவதே எரிபொருளுக்கும் நேரத்துக்கும் லாபம். திரும்பும்போதும் அதே காற்றை நம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து, கிழக்கு நோக்கியே வருவதுண்டு. அப்படி அமைந்துவிட்டால், போய்த் திரும்பும் பயணி தாம் அறியாமலே உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார்! அட்டவணை நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் சேர்ந்தே இருக்கின்றன.

இதற்கென்றே உருவான ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூர வகை) விமானத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 161 இருக்கைகளை மட்டுமே வைத்திருக்கிறது. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. 2018 அக்டோபரில் முதலில் நியூயார்க்கை அடுத்துள்ள நியூவார்க் விமான நிலையத்துக்கும், 2020 நவம்பரில் கென்னடி நிலையத்துக்கும் இச்சேவை வந்தது. குறைந்த கட்டணம் தேடுபவர்கள் ஓரிடத்தில் இறங்கி மாறும் பயணச்சீட்டையே பார்க்க வேண்டியிருக்கும்.

நேர வித்தியாசத்தையும் மறந்துவிடாதீர்கள். சிங்கப்பூர், நியூயார்க்கைவிடக் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் முன்னே இருக்கிறது. நள்ளிரவையொட்டிச் சாங்கியில் ஏறினால், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தும், அங்கே காலைதான் ஆகியிருக்கும். திரும்பும் வழியில் வெள்ளிக்கிழமை இரவு ஏறினால் ஞாயிறு அதிகாலையில் இறங்குவீர்கள். சிங்கப்பூரில் யாராவது உங்களை அழைத்துப்போக வருவதாக இருந்தால், எந்தத் தேதி என்பதை இருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள். நான் ஒருமுறை சனிக்கிழமை என்று சொல்லி, என் அத்தானை வீணாக விமான நிலையத்துக்கு அலைய விட்டிருக்கிறேன்.