பழைய பைக்குக்கு அலாய் ரிம் கட்டுவது: கேள்வி பதில்

ஸ்போக்ஸ் (கம்பி) வீலைப் பிரித்து, அதே கம்பி வீலில் ஸ்டீலுக்குப் பதிலாக அலாய் (அலுமினியக் கலவை) ரிம் போட நினைப்பவர்களிடமிருந்து நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, ஸ்டீல் ரிம் துருப்பிடித்துவிட்டது. நாளை கம்பிகளை வெட்டி எடுத்துவிடலாமா?

வெட்டாதீர்கள். முதலில் அளவெடுங்கள். வீலைப் படுக்க வைத்து, பிரேக் டிரம்மின் விளிம்பில் நேரான இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். ஸ்கேலுக்கும் ரிம்மின் ஓரத்துக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று நாலு இடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டிரம் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) ரிம் நட்டநடுவில் நிற்காது. எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது இந்த அளவுதான்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பழைய ரிம்மின் வெளி அகலம் 60 மி.மீ., புதியது 66 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஓரமும் 3 மி.மீ. வெளியே வரும். அதைக் கணக்கில் சேர்க்காமல் பழைய அளவுக்கே ஓரத்தை நிறுத்தினால், வீலின் நடு 3 மி.மீ. விலகிப்போகும். அப்புறம், பழைய வீலையே யாராவது தப்பாகக் கட்டியிருக்கலாம். அதனால் பிரிப்பதற்கு முன் வண்டியில் வைத்து, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். கம்பிகள் எப்படிக் குறுக்கே போகின்றன என்பதை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹப்பில் 36 ஓட்டை, எனக்குக் கிடைத்த ரிம்மிலும் 36. அது போதாதா சார்?

போதாது. எண்ணிக்கையை விட ஓட்டையின் சாய்வு முக்கியம். ரிம்மைக் கையில் எடுத்து, ஒரு ஓட்டைக்குள் நிப்பிளைப் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டு) போட்டு, அதில் ஒரு கம்பியைத் திருகிப் பாருங்கள். கம்பி தானாக எந்தத் திசையில் நீட்டிக்கொண்டு நிற்கிறதோ, அந்தத் திசைக்குத்தான் அந்த ஓட்டை துளைக்கப்பட்டிருக்கிறது. அது உங்கள் ஹப்பின் காதை (கம்பிகள் மாட்டும் விளிம்பு) நோக்கிப் போக வேண்டும். டிரம் பக்கத்துக் காது பெரிதாகவும் மறுபக்கம் சின்னதாகவும் இருக்கும் ஹப்பில் இரண்டு பக்கச் சாய்வும் வேறு வேறு. கம்பியின் நீளமும் அப்படித்தான்.

சாய்வு பொருந்தாவிட்டால் கம்பி நிப்பிளின் வாயிலேயே வளையும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிமிரும், கடைசியில் ஒடியும். நான் கட்டிய ஒரு பின் சக்கரத்தில் மூன்று கம்பிகள் இப்படி நிப்பிள் ஓரத்தில் நறுக்கென்று ஒடிந்தன. மூன்றும் ஒரே பக்கம். இறுக்கம் போதவில்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், காரணம் சாய்வு. துளைக்காத ரிம்மாக வாங்கி, ஹப்பையும் கூடவே கொடுத்துத் துளைக்கச் சொல்வதுதான் நல்லது.

டபிள்யூஎம்2, டபிள்யூஎம்3 என்றால் என்ன?

ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் உள் அகலம். டபிள்யூஎம்2 என்றால் 1.85 அங்குலம், டபிள்யூஎம்3 என்றால் 2.15 அங்குலம். டயருக்கு எந்த அகலம் பொருந்தும் என்று டயர் கம்பெனி கொடுத்திருப்பதைப் பார்த்து எடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் நிப்பிளே போடலாமா?

வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று உரசி மரையில் கடித்துக்கொள்ளும். அப்புறம் இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. நிக்கல் பூசிய பித்தளை நிப்பிள் போடுங்கள். மரையிலும் நிப்பிள் ரிம்மில் உட்காரும் இடத்திலும் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள்.

கோட்டம் எடுக்க எடுக்கத் தீரவே மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் சரி செய்தால் இன்னொரு பக்கம் போகிறது.

பக்கவாட்டு ஆட்டத்தில் ஆரம்பித்திருப்பீர்கள். முதலில் மேலும் கீழும் எகிறுவதைச் சரி செய்யுங்கள். எல்லா நிப்பிளுக்கு வெளியேயும் ஒரே அளவு மரை தெரியும்படி வைத்துத் தொடங்குங்கள். ஸ்டாண்டில் ஒரு கம்பியை முள்ளாகக் கட்டி ரிம்முக்கு மிக அருகில் நிறுத்தி, மெதுவாகச் சுற்றுங்கள். ரிம் எகிறி வரும் இடத்தில் இரண்டு பக்கக் கம்பிகளையும் கால் சுற்று இறுக்குங்கள். உள்ளே போகும் இடத்தில் இரண்டு பக்கமும் கால் சுற்று தளர்த்துங்கள். அதற்குப் பிறகுதான் பக்கவாட்டு. வலது பக்கம் சாய்ந்தால் வலதைத் தளர்த்தி, அதே அளவு இடதை இறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் திருகினால் முதலில் செய்த வேலை கெட்டுவிடும்.

ரிம்மின் இரண்டு முனைகளையும் சேர்த்து வெல்டிங் செய்த இடத்தில் சின்ன மேடு இருக்கும். அதைத் துரத்தாதீர்கள். பல பட்டறைக் கையேடுகள் 2 மி.மீ. வரை அனுமதிக்கின்றன, ஆனால் நிதானமாகச் செய்தால் 0.5 மி.மீ.க்குக் கொண்டுவரலாம். அலாய் இரும்பை விட மென்மையானது. முரட்டுத்தனமாக இறுக்கினால் நிப்பிள் உட்காரும் இடம் இழுபட்டுவிடும். ஸ்பானரால் கம்பியைத் தட்டிப் பாருங்கள். நன்றாக இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ஒரே பக்கத்துக் கம்பிகளை மட்டும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் நீளம் வேறானால் ஒலியும் வேறாகும்.

டியூப் இல்லாமல் ஓட்டலாமா?

கூடாது. நிப்பிள் ஓட்டைகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு போகின்றன, அவற்றின் வழியே காற்று இறங்கிவிடும். நிப்பிளுக்கு மேலே நீட்டும் கம்பி முனையை அரம் போட்டுத் தேய்த்து, ரிம் டேப் ஒட்டி, அதன்மேல் டியூப் போடுங்கள்.

கட்டி முடித்த பிறகு எப்போது பார்க்க வேண்டும்?

100 முதல் 200 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாக் கம்பியையும் தட்டிப் பாருங்கள், புதுக் கம்பிகள் ஹப்பில் உட்கார்ந்து தளரும். ஒரு கம்பியை இரண்டு மூன்று சுற்று இறுக்க வேண்டி வந்தால் டயரைக் கழற்றி, உள்ளே முனை நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி வண்டியை எடுக்க வேண்டும்.