ஜன்னலுக்கு கம்பி போடுறது யார் வேலை?

கேள்வி: குப்பை அள்றது, தண்ணி விடுறது, இதானே நகராட்சி வேலை? உடம்பு நல்லாருக்கணும்னு சட்டமெல்லாம் எதுக்கு, விழிப்புணர்வு பண்ணா பத்தாதா?

பதில்: விழிப்புணர்வு வேணும்தாங்க, ஆனா மூணு வயசுக் குழந்தைகிட்ட போய் என்ன விழிப்புணர்வு பண்ணுவீங்க? 1970கள்ல நியூயார்க்ல மாடி வீட்டு ஜன்னல்லேர்ந்து குழந்தைங்க விழுந்து சாகுறது பெரிய பிரச்சனையா இருந்துச்சு. வெக்கை தாங்காம ஜன்னலைத் தொறந்து வச்சிருப்பாங்க, பக்கத்துலயே கட்டில் கிடக்கும், அம்மா அடுப்பை அணைச்சிட்டு வர்றதுக்குள்ள குழந்தை கட்டில்ல ஏறி வெளிய எட்டிப் பாத்துட்டிருக்கும். 1972ல அந்த ஊர் சுகாதாரத் துறை இதுக்குன்னே ஒரு திட்டம் ஆரம்பிச்சு, வீட்டுக்கே போய் எடுத்துச் சொல்லி, ஜன்னல் கம்பியும் இலவசமா குடுத்தாங்க, பிராங்க்ஸ் பகுதியில ரெண்டே வருஷத்துல இந்த விபத்து பாதியா குறைஞ்சுது. அதோட நிறுத்தல, 1976ல சட்டமாவே ஆக்கிட்டாங்க: சின்னக் குழந்தைங்க குடியிருந்தா கம்பி போட வேண்டியது வீட்டு ஓனர் பொறுப்பு. எனக்கு இந்த இடம்தான் முக்கியமா படுது. வாடகைக்கு இருக்கறவங்க சுவத்துல ஒரு ஆணி அடிக்கவே யோசிப்பாங்க, ஓட்டை போடற உரிமை யார் கையில இருக்கோ அவங்ககிட்டயே பொறுப்பைக் குடுத்தாங்க பாருங்க, எவ்ளோ துண்டுச்சீட்டு குடுத்தாலும் அது நடக்காது.

கேள்வி: யாராச்சும் கோர்ட்டுக்குப் போனா இந்த மாதிரி சட்டமெல்லாம் நிக்குமா?

பதில்: நிக்கறதும் உண்டு, விழுறதும் உண்டு. அமெரிக்காவுல கேம்பிரிட்ஜ் நகர சுகாதார வாரியம் பெரியம்மை தடுப்பூசி கட்டாயம்னு சொல்லுச்சு, மறுத்த ஒருத்தருக்கு 5 டாலர் அபராதம், கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1905ல வாரியத்துக்கு சாதகமா தீர்ப்பு வந்துச்சு. நியூயார்க் சுகாதார வாரியம் 2006ல ஓட்டல் சாப்பாட்டுல டிரான்ஸ் கொழுப்புக்கு (இதயத்துக்குக் கெடுதலான ஒரு வகைக் கொழுப்பு) கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு, அது ரத்தாகாம நிலைச்சுது. அதே வாரியம் 2012ல 16 அவுன்ஸுக்கு (கிட்டத்தட்ட அரை லிட்டர்) மேல பெரிய கப்ல சர்க்கரை பானம் விக்கக் கூடாதுன்னுச்சு, 2014ல கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, ஏன்னா அதை முடிவு பண்ண வேண்டியது மக்கள் தேர்ந்தெடுத்த நகர மன்றம், வாரியத்துக்கு அந்த அதிகாரம் இல்லன்னு. நோக்கம் நல்லதா இருந்தா மட்டும் போதாது, யார் போடறாங்கங்கறதுலயே சட்டம் விழுந்துடும்.

இன்னொரு பக்கமும் அடி வரும், மேல இருக்கற அரசாங்கத்துகிட்டேர்ந்து. கலிபோர்னியாவுல பெர்க்லி நகரம் 2014ல ஓட்டெடுப்பு வச்சு சர்க்கரை பானத்துக்கு அவுன்ஸுக்கு ஒரு சென்ட் வரி போட்டுச்சு, மத்த ஊர்களும் கிளம்புச்சுங்க, குளிர்பானக் கம்பெனிங்க குடுத்த நெருக்கடியில 2018ல மாநிலமே, இனி எந்த ஊரும் புதுசா இப்படி வரி போடக்கூடாதுன்னு 2031 வரைக்கும் தடை போட்டுடுச்சு. எனக்கு இது ரொம்ப அநியாயமா தெரியுது, சர்க்கரை வியாதி சுமை ஊர் மேல விழும், தடுக்கற அதிகாரம் மட்டும் ஊருக்கு கிடையாதா?

கேள்வி: சட்டம் போட்டாச்சு, நாங்க எதை கவனிக்கணும்?

பதில்: சோதனைக்கு ஆள் போட்டிருக்காங்களா, அவங்களுக்கு சம்பளத்துக்கு பட்ஜெட்ல பணம் ஒதுக்கியிருக்காங்களான்னு முதல்ல பாருங்க. அப்புறம் அபராதம் யார் மேல விழுதுன்னு பாருங்க, கம்பி போடாத ஓனர் மேலயா, இல்ல கேக்க பயந்துட்டு இருக்கற குடித்தனக்காரங்க மேலயா.