வாசகர் கேள்வி – பதில்: சூப்பர் காருக்குள் சாதாரணக் காரின் பாகங்கள்

கேள்வி: லம்போர்கினி டியாப்லோவின் முகப்பு விளக்குகள் நிஸான் கார் ஒன்றில் இருந்தவையே என்று படித்தேன். அவ்வளவு விலை வாங்கும் நிறுவனம் ஒரு விளக்கைக்கூடச் சொந்தமாகச் செய்யாதது, வாங்குபவரை ஏமாற்றுவது ஆகாதா?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். 1990இல் அறிமுகமான டியாப்லோவில் மேலெழுந்து மடங்கும் விளக்குகள் இருந்தன. 1999இல் அவற்றைக் கைவிட்டு, நிஸான் 300இசட்எக்ஸ் காரின் நிலையான விளக்குகளைப் பொருத்தினார்கள். இந்த வழக்கம் அதற்கும் முந்தையது. 1966இல் வெளிவந்த லம்போர்கினி மியூராவின் முகப்பு விளக்குகள் ஃபியட் 850 ஸ்பைடருடையவை. 300க்கும் குறைவாகவே தயாரான ஜாகுவார் எக்ஸ்ஜே220இன் பின்விளக்குகள் ரோவர் 200இலிருந்தும், பக்கக் கண்ணாடிகள் சிட்ரோயன் சிஎக்ஸிலிருந்தும் வந்தவை.

இதை ஏமாற்று வேலை என்று நான் கருதவில்லை. ஒரு முகப்பு விளக்கைப் புதிதாக உருவாக்க அச்சுகள் வார்க்க வேண்டும். ஒளி சாலையில் எங்கே எவ்வளவு விழுகிறது, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறதா, அதிர்விலும் வெப்பத்திலும் மழைநீரிலும் தாக்குப்பிடிக்கிறதா என்றெல்லாம் சோதித்து அங்கீகாரம் பெற வேண்டும். ஐரோப்பிய விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற விளக்கின் கண்ணாடியை உற்றுப் பார்த்தால், ஒரு வட்டத்துக்குள் ‘இ’ என்னும் ரோமன் எழுத்தும் அதனருகே ஓர் எண்ணும் தெரியும். 1 என்றால் ஜெர்மனியும் 3 என்றால் இத்தாலியும் அங்கீகாரம் வழங்கியதாகப் பொருள். அந்தச் சிறு முத்திரைக்குப் பின்னால் உள்ள செலவு, லட்சம் கார்கள் மீது பரவும்போது கண்ணுக்கே தெரியாது. சில நூறு கார்கள் மீது விழுந்தால் தாங்க முடியாததாகிவிடும்.

செலவைவிட முக்கியமாக நான் கருதுவது நம்பகத்தன்மை. லட்சக்கணக்கானோர் பனியிலும் வெயிலிலும் புழுதியிலும் பல ஆண்டுகள் பயன்படுத்திய ஒரு பாகத்தின் குறைகள் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டிருக்கும்; ஆண்டுக்குச் சில டஜன் கார்களைச் செய்யும் நிறுவனம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், அந்த அனுபவம் அதற்கு வாய்க்காது. ஆனால் ஓட்டுநரின் கை அன்றாடம் படும் இடங்களில் என் கருத்து வேறு. ஃபோர்டின் வசம் இருந்த காலத்தில் ஆஸ்டன் மார்ட்டின், தனது டிபி7 காருக்குள் ஃபோர்டு கார்களின் ஸ்விட்சுகளை வைத்தது. தோலும் மரமும் இழைத்த அறையில் அந்தப் பிளாஸ்டிக்கைத் தொட்டவர்கள் குறைப்பட்டுக்கொண்டதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால், இத்தகைய காரை வைத்திருப்பவர் சாதாரணக் காரின் உதிரிபாகத்தையே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாமா?

பதில்: சிலவற்றைத் தாராளமாகப் பொருத்தலாம். ரிலே, ஃபியூஸ், பல்பு போன்றவற்றை எந்தக் கார் நிறுவனமும் சொந்தமாகச் செய்வதில்லை. மற்றவற்றில் தோற்றத்தை நம்பாமல், பழைய பாகத்தின் மீது அதன் தயாரிப்பாளர் பொறித்துள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். அந்த எண் முழுவதும், இறுதி எழுத்து உட்பட, பொருந்தினால் மட்டுமே அது அதே பாகம். இன்ஜினின் வெப்பநிலை சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள்: மரையும் இணைப்பியும் ஒன்றாக இருந்தாலும் உள்ளிருக்கும் மின்தடை வேறாக இருந்தால், கட்டுப்பாட்டுக் கணினி சூடான இன்ஜினைக் குளிர்ந்ததாக எண்ணி எரிபொருளை அதிகமாகச் செலுத்திவிடும்.

பிரேக் பேடிலும் டயரிலும் இந்தச் சிக்கனம் வேண்டவே வேண்டாம். காலிப்பரில், அதாவது பிரேக் பேடுகளைத் தாங்கி அழுத்தும் கவ்வியில், கச்சிதமாக உட்காரும் பேடு, மிகுந்த வேகத்திலிருந்து மீண்டும் மீண்டும் நிறுத்தும்போது எழும் வெப்பத்தைத் தாங்கும் உராய்வுப் பொருளால் ஆனது என்று சொல்ல முடியாது. டயரிலும் அளவு மட்டும் பொருந்தினால் போதாது. ஃபெராரிக்கென வடிவமைத்தவற்றின் பக்கச் சுவரில் ‘கே1’ என்றும், மெக்லாரனுக்கானவற்றில் ‘எம்சி’ என்றும் குறிக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: இப்படி மாற்றினால் காரின் மறுவிற்பனை மதிப்பு குறையுமா?

பதில்: தயாரிப்பாளரும் எண்ணும் ஒன்றாக இருந்தால், மாறுவது பெரும்பாலும் பெட்டியும் அதன் மேலுள்ள முத்திரையும்தான். இருப்பினும், அரிய கார்களை வாங்குவோர் முத்திரையையும் பார்ப்பார்கள். ஆகவே கழற்றிய பாகத்தையும் புதியதன் ரசீதையும் பத்திரப்படுத்தி, விற்கும்போது காருடன் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.