அம்மாச்சியிடம் பேச மறுக்கும் பேரன்: என் அனுபவம்

உங்கள் 13 வயது மகன் வீடியோ காலில் அம்மாச்சியிடம் இரண்டு நிமிஷம்கூடப் பேசுவதில்லை, "என்னை மறந்துட்டான்" என்று தேனியில் அம்மா அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவனைத் திட்டிப் போனைக் கையில் திணிக்காதீர்கள். அப்புறம் அம்மாச்சி என்றாலே வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிடும்.

எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். "சாப்பிட்டியா, என்ன குழம்பு?" என்பார் என் மாமியார். அவருக்கு அதுதான் பாசம். என் மகளுக்கோ தினமும் கேட்ட கேள்வி, பதில் ஒரு "ம்". பிரியத்துக்குக் குறைவில்லை, பேசத்தான் விஷயம் இல்லை.

போன மே மாதம் ஊருக்குப் போனபோது அப்பத்தா பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினார். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. நான்கு சேர்ந்தால் பசு என்று அள்ளிக்கொள்ள வேண்டும். அப்பத்தா முந்தானைக்குள் இரண்டு கொட்டையை ஒளித்ததை மகள் பிடித்துவிட்டாள். இன்றைக்கும் போனை எடுத்ததும் "கள்ளாட்டம்!" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

மகனுக்கு உங்கள் அப்பா பெயரை வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதானே. அந்தப் பெயர்க்காரர் சின்ன வயதில் என்னென்ன சேட்டை செய்தார் என்று அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தி, மீதியை அடுத்த ஞாயிறுக்கு வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்று, அவர்கள் பேசும்போது நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள். என் மகள் நான் அடுப்படிக்குப் போன பிறகுதான் வாயே திறப்பாள்.