படி, படி, படி

கேள்வி: குழந்தையின் சிந்தனை நான்கு படிகளில் வளர்கிறது என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே சொல்லியிருக்கிறாராமே. என் மகளுக்கு ஐந்து வயது. அடுத்த படிக்கு இப்போதே ஏற்றிவிட வழி உண்டா?

பதில்: ‘படி’ என்று எழுதிவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது. ஏறுவதும் படி, அளப்பதும் படி, நகலும் படி, பிள்ளையைக் கண்டதும் பெற்றோர் வாயில் வருவதும் ‘படி’. சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பதும் படிதான். இந்தக் கடைசிப் பொருள் மட்டும் எங்கள் நிர்வாகிக்கு இன்னும் புரியவில்லை. ‘கட்டம்’ என்று எழுதச் சொல்லி மெய்ப்பு பார்ப்பவர் பதினொரு வருடமாக என்னோடு மல்லுக்கு நிற்கிறார். கட்டம் போட்ட சட்டைதான் ஞாபகம் வருகிறது ஐயா, விடுங்கள்.

சரி, உங்கள் மகள். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்பாள். ஒன்றை அவள் கண்ணெதிரே ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றுங்கள், ‘இதில்தான் நிறைய’ என்பாள். திரும்பப் பழைய டம்ளரில் ஊற்றினால் சமம், மறுபடி மாற்றினால் மறுபடி நிறைய. ஏழு வயதுவாக்கில் இதே கேள்விக்கு ‘இதுகூடத் தெரியாதா’ என்று உங்களை ஒரு பார்வை பார்ப்பாள். பன்னிரண்டை ஒட்டி, டம்ளரே இல்லாமல் ‘ஒருவேளை இப்படி இருந்தால்’ என்று வாதாட ஆரம்பிப்பாள், அப்போது நீங்களே இறக்கிவிட வழி கேட்டு எழுதுவீர்கள்.

சீக்கிரம் ஏற்ற முடியுமா என்று அமெரிக்காவில் ஓயாமல் கேட்டதால் அதற்கு ‘அமெரிக்கக் கேள்வி’ என்றே பெயர் வைத்துவிட்டார் பியாஜே. அவருக்கு அவசரமில்லை. பாரிஸில் பிள்ளைகளுக்கு அறிவுச் சோதனை வைத்தபோது அவரைப் பிடித்துக்கொண்டவை தப்பான பதில்கள்தான், ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்பு செய்தார்கள். மனுஷர் வயதைக் கொஞ்சம் கூட்டியே சொல்லிவிட்டார் என்பதும் உண்மை. மறைத்த பொருள் இருக்கிறது என்பது எட்டு மாதத்துக்கு முன் குழந்தைக்குத் தெரியாது என்றார். ஐந்து மாதத்திலேயே தெரிகிறது என்று 1985இல் ரெனே பயார்ஜான் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் காட்டினார்கள்.

ஐம்பத்தெட்டு வயதிலும் டம்ளரில் ஏமாறுகிறவர்கள் உண்டு, அல்லது மற்றவர்கள் ஏமாறுவார்கள் என்று நம்புகிறவர்கள். போன மாதம் என் படியை இரண்டு கவரில் பிரித்துப் போட்டு நீட்டினார் நிர்வாகி. ‘இந்தத் தடவை ரெண்டு சார்!’

வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொன்னேன்.